மான்மயிர் ஈ: மயிரின் இயல்பும் கட்டும் முறையும்

1. ஆய்வுப் பொருள்

தூண்டில் மீன்பிடிப்பில் ஒரு வகையினர் உயிருள்ள எதையும் முள்ளில் கோப்பதில்லை. இறகு, மயிர், நூல், சரிகை முதலியவற்றை முள்ளின் தண்டில் சுற்றிக் கட்டி, பூச்சியாகவோ குஞ்சு மீனாகவோ தவளையாகவோ தோன்றும்படி ஒரு போலி இரையைச் செய்துகொள்வார்கள். கனமான கயிற்றை வீசும் விசையில் அந்த இரை காற்றில் சென்று நீரில் இறங்கும். டிரவுட், சால்மன், பாஸ் ஆகிய மீன்களுக்காக ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்த இந்தக் கலையில், அந்தப் போலி இரையை ‘ஈ’ என்கிறார்கள். அதைச் செய்பவரைக் கட்டுநர் என்று இக்கட்டுரை குறிப்பிடும்.

ஈக்களில் மான்மயிரால் கட்டப்படுபவை தனிக் குடும்பம். பிரிட்டிஷ் மரபு பெரும்பாலும் சேவலின் கழுத்திறகையும், முயல், கடல்நாய் போன்றவற்றின் மென்மயிரையும் நம்பி வளர்ந்தது. மான்மயிர் ஈயோ வட அமெரிக்க மண்ணுக்கு உரியது. வெள்ளைவால் மான் அங்கே காட்டிலும் வயல் ஓரத்திலும் வேட்டைக்குக் கிடைத்த விலங்கு. அதன் தோல் கட்டுநரின் மேசைக்கு எளிதாக வந்து சேர்ந்தது.

மான்மயிர் ஈயைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விரல் நுணுக்கத்தையே பேசுகிறார்கள். நூலை எத்தனை சுற்று சுற்றுவது, எவ்வளவு இறுக்குவது, எப்படிக் கத்தரிப்பது என்பவையே பாடமாகின்றன. விரல் நுணுக்கம் இரண்டாம் நிலைதான் என்பது என் வாதம். ஈயின் வடிவத்தை மயிரின் உள்ளமைப்பு முன்பே தீர்மானித்துவிடுகிறது. ஒரே நூல், ஒரே இறுக்கம், ஒரே கை; ஆனால் மயிரின் அடியில் அழுத்தினால் ஒரு விளைவு, நுனியில் அழுத்தினால் வேறு விளைவு. இதை அறிந்து மயிரைத் தேர்ந்தவருக்குப் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது.

2. மயிரின் உள்ளமைப்பு

2.1 காற்றறைகள்

மான்மயிர் உள்ளே வெறுங்குழல் என்று பலர் நம்புகிறார்கள். விற்பனைப் பொட்டலங்களிலும் அப்படியே அச்சிடுகிறார்கள். அது சரியல்ல. மயிரைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே மெல்லிய செதிலுறை. அதற்கு உள்ளே புறணி. நடுவில் மெடுல்லா எனப்படும் அகப்பகுதி. மனிதத் தலைமுடியில் புறணியே பெரும்பங்கு, அகப்பகுதி மிகக் குறுகியது, பல முடிகளில் அதுகூட இருப்பதில்லை. மானின் குளிர்கால மயிரில் இந்த விகிதம் தலைகீழ். புறணி ஒரு மெல்லிய சுவராக ஒதுங்கிவிட, மயிரின் பருமன் முழுவதையும் அகப்பகுதி நிரப்பியிருக்கும். அந்த அகப்பகுதி தேனடையைப் போலச் சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வோர் அறையிலும் காற்று அடைபட்டிருக்கும். பனிக்காலத்தில் உடற்சூட்டைக் காக்க மானுக்கு வாய்த்த ஏற்பாடு இது.

ஈ கட்டுவதற்குத் தேவையான இரண்டு குணங்கள் இந்த ஏற்பாட்டிலிருந்து கிடைக்கின்றன. முதலாவது மிதப்பு. அறைகளில் அடைபட்ட காற்றோடு, நெருக்கமாக நிற்கும் மயிர்களுக்கு இடையே சிக்கிய காற்றும் சேர்ந்து ஈயை நீரின் மேல் தாங்குகிறது. இந்த மிதப்பு நிரந்தரமானதல்ல. கத்தரித்த முனைகளில் அறைகள் திறந்துவிடுகின்றன. மயிர்களுக்கு இடையிலும் நீர் மெல்ல ஏறும். ஆகவேதான் மீன்பிடிக்கும்போது இடையிடையே ஈயைப் பிழிந்து உலர்த்தி மெழுகோ எண்ணெய்ப் பூச்சோ இடுகிறார்கள்.

இரண்டாவது குணம் நசுங்குதல். இதுவே வடிவத்தின் வேர். இறுகும் நூலின் கீழே அறைகள் நசுங்கி மயிர் அந்த இடத்தில் தட்டையாகிறது. நூலுக்கு வெளியே உள்ள பகுதி பழைய பருமனிலேயே நிற்கிறது. குறுகிய இடுப்புக்கு இருபுறமும் பருத்த உடல் இருக்கும்போது அது நேராகப் படுத்திருக்க முடியாது. வெளிப்புறமாக வளைந்து எழுந்துவிடும். மான்மயிரை நூலால் இறுக்கியதும் அது சிலிர்த்து நிற்பது இதனால்தான்.

மயிரின் நீளம் முழுவதும் அறைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. தோலை ஒட்டிய அடிப்பகுதியிலும் நடுவிலும் அவை நிறைந்திருக்கும். நுனியை நோக்கிப் போகப்போகக் குறைந்து, கடைசியில் புறணி மட்டுமே எஞ்சும். ஆகவே அடிப்பக்கம் இறுக்கினால் மயிர் தண்டுக்குச் செங்குத்தாகவே எழுந்துவிடும். நுனிப்பக்கம் இறுக்கினால் சற்றே விலகும், அவ்வளவுதான். பருத்த தலை வேண்டுமா, அடக்கமான சிறகு வேண்டுமா என்பது நூல் விழும் இடத்தைப் பொறுத்தது.

2.2 தோலின் எப்பகுதி, எந்தப் பருவம்

வெள்ளைவால் மான் ஆண்டுக்கு இருமுறை மயிர் மாற்றுகிறது. கோடை மயிர் செந்நிறம், மெல்லியது, குட்டையானது, அறைகள் குறைந்தது. இலையுதிர் காலத்தில் முளைக்கும் சாம்பல் பழுப்பு மயிரே கட்டுநர் தேடுவது. குளிர் முற்ற முற்ற அது நீண்டு பருக்கும். அடியில் பஞ்சு போன்ற மென்மயிரும் அடர்ந்து வளரும். வடபகுதி மானின் மயிர் முரடு. வெப்பமான தென்பகுதிகளிலும் பசிபிக் கரையோரத்திலும் வாழும் மான்களின் மயிர் மெலிவு. ஒரே பெயரில் விற்கும் இரண்டு பொட்டலங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான். கட்டுபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரே தோலில்கூட மயிர் ஒரே மாதிரி இல்லை. வயிற்று மயிர் வெண்மையானது, நீண்டது, அறை நிறைந்தது. சாயத்தை நன்றாக ஏற்கும். பாஸ் மீனுக்கான பெரிய வண்ண ஈக்களுக்கு அதுவே முதல் தேர்வு. விலாப்புற மயிர் எல்லா வேலைக்கும் வளைந்து கொடுக்கும். முதுகுத்தண்டை ஒட்டியது கருத்தும் முரடாகவும் இருக்கும். முகத்திலும் கால்களிலும் உள்ள குட்டை மயிர் அதிகம் சிலிர்க்காது, நுனி கூர்மையாக இருக்கும்; சிறு ஈக்களின் சிறகுக்கு அது தகும். வால் மயிர் முற்றிலும் வேறு: நீண்டு, உள்ளே கெட்டியாக, அடிப்பகுதியைத் தவிர வேறெங்கும் சிலிர்க்காமல் இருக்கும். குஞ்சு மீன் வடிவ ஈக்களுக்கு அதைப் பயன்படுத்துவார்கள். வால் மயிரை வாங்கி வந்து உருண்டைத் தலை கட்ட முயல்வது தொடக்கநிலையாளர் பலருக்கு நேரும் ஏமாற்றம்.

தோலைப் பதப்படுத்தும் முறையையும் கவனிக்க வேண்டும். அதிகச் சூட்டில் சாயமேற்றிய மயிர் நொறுங்கும். வாங்குமுன் சில மயிர்களின் அடியை விரல் நகத்தால் அழுத்தினால், நல்லது நசுங்கி மடங்கும், கெட்டது பட்டென்று ஒடியும்.

2.3 பிற விலங்குகள்

எல்க் மயிர் மான்மயிரைவிட விறைப்பு, நீடித்து உழைக்கும். கேரிபூ, பிராங்ஹார்ன் ஆகியவற்றின் மயிர் நூலை இறுக்கும்போது தண்டைச் சுற்றி மிக எளிதாகச் சுழலும். ஆனால் விரைவில் ஒடிந்துவிடும். மூஸ் மயிர் கறுப்பும் விறைப்புமாக இருப்பதால் ஈயின் வாலுக்கு ஏற்றது.

3. வரலாற்றுப் பின்னணி

தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் 1770களில் அமெரிக்கத் தென்கிழக்கில் பயணம் செய்தார். 1791இல் பிலடெல்பியாவில் அவருடைய பயண நூல் வெளியானது. புளோரிடாப் பகுதியில் கண்ட ஒரு மீன்பிடி முறையை அதில் விவரித்திருக்கிறார். பெரிய முட்கள் மூன்றை முதுகோடு முதுகாகச் சேர்த்து, மானின் வெள்ளை வால் மயிர், சிவப்புத் துணிக் கீற்று, பல வண்ண இறகு ஆகியவற்றால் மூடிக் கட்டுகிறார்கள். கைமுட்டி அளவுக்கு வரும் அந்தக் குஞ்சத்தைக் குட்டைக் கயிற்றில் நீண்ட கோலின் நுனியில் தொங்கவிட்டு, படகில் கரையோரமாகச் சென்றபடி நீரின் மேல் ஆட்டுகிறார்கள். மான்மயிரைக் கொண்டு நீரின் மேற்பரப்பில் மீன்பிடித்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. மயிரின் சிலிர்க்கும் குணம் இங்கே இன்னும் பயன்படுத்தப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வால் மயிர் வெறும் நிறத்துக்காகவும் அசைவுக்காகவும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

1881இல் கரும்பாஸ் மீனைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜேம்ஸ் ஹென்ஷாலின் பெயரில் மான்மயிர்ப் பூச்சி ஒன்று பின்னர் வழங்கியது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் உள்ள ஓல்டு ஃபோர்ஜில் ஆர்லி டட்டில், பாஸ் மீன்கள் நீரின் மேல் வண்டுகளைப் பிடித்துத் தின்பதைக் கண்டு, மான்மயிரைத் தண்டின் நீளவாக்கில் மடித்து ‘டெவில் பக்’ என்ற வண்டைக் கட்டினார். 1920களில் அது பரவலாக விற்றது. மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மெசிஞ்சர் மான்மயிர்த் தவளையைக் கட்டி, மேல்புறம் ஒரு நிறமும் வயிறு வேறு நிறமுமாகத் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார். டிரவுட்டுக்கான ‘இர்ரெசிஸ்டிபிள்’ என்ற ஈயின் தோற்றத்தோடும் அவர் பெயர் இணைத்துச் சொல்லப்படுகிறது. மயிரைச் செதுக்கி உடலாக்கி, அதற்கு மேல் சேவலிறகைச் சுற்றுவது அந்த ஈயின் அமைப்பு.

இந்த வரலாற்றில் நடுநாயகமான ஈ ‘மட்லர் மின்னோ’. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுப்பீரியர் ஏரியில் கலக்கும் நிப்பிகன் ஆறு பெரிய புரூக் டிரவுட்டுக்குப் பெயர்போனது. அங்கே விடுதி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த டான் கேப்பன் 1930களின் பிற்பாதியில் இதைக் கட்டினார். ஆற்றடியில் கற்களுக்கு இடையே ஒட்டிக் கிடக்கும் ஸ்கல்பின் என்ற சிறு மீனுக்குத் தலை அகலம், உடல் ஒடுக்கம். அந்தத் தலையைக் காட்ட அவர் மான்மயிரைச் சுழற்றிக் கத்தரித்தார். உடலுக்குத் தங்கச் சரிகை, சிறகுக்கு அணில் வால் மயிரும் புள்ளியிட்ட வான்கோழி இறகும். முதல் கற்றை மயிரின் நுனிகளை மட்டும் வெட்டாமல் பின்னோக்கிக் கழுத்துப்பட்டையாக விட்டார். மொன்டானாவின் லிவிங்ஸ்டன் நகரில் கடை வைத்திருந்த டான் பெய்லி அதன் தலையைப் பருமனாக்கி நேர்த்திப்படுத்திய பிறகு அது அமெரிக்க மேற்கு முழுவதும் பரவியது. வெட்டுக்கிளி, குஞ்சு மீன், பெரிய கேடிஸ் பூச்சி என எதுவாகவும் மீன் இதை ஏற்கிறது. கேப்பனின் மூல ஈ தளர்வான, ஒழுங்கற்ற தலை கொண்டது என்பதை ஆறாம் பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டிரவுட்டுக்கான சிறிய மிதவை ஈக்களில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. அடிரோண்டாக்கின் ஆசேபிள் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஃபிரான் பெட்டர்ஸ், சேவலிறகையே விட்டுவிட்டு மான்மயிர்ச் சிறகால் மட்டும் மிதக்கும் ‘ஹேஸ்டாக்’ ஈயை 1940களின் இறுதியில் கட்டினார். அந்த எண்ணத்தை எடுத்துச் செம்மைப்படுத்தி ‘காம்பராடன்’ என்று பெயரிட்டவர்கள் ஆல் காச்சியும் பாப் நாஸ்டாசியும். 1970களில் வெளிவந்த அவர்களுடைய நூல்கள் அதை உலகறியச் செய்தன. 1957இல் ஆல் டிராத் கட்டிய எல்க் மயிர்க் கேடிஸ், கனடாவின் மிராமிச்சி ஆற்றுச் சால்மனுக்காக 1960களில் பரவிய சுருட்டு வடிவ ‘பாம்பர்’, இங்கிலாந்தில் ஜான் கொடார்டும் கிளிஃப் ஹென்றியும் செய்த செதுக்கிய கேடிஸ் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாம்பரைச் சால்மன் ஆறுகளுக்குக் கொண்டுவந்தவராக எல்மர் ஸ்மித் என்ற பாதிரியாரைக் குறிப்பிடுகிறார்கள்.

4. கட்டும் முறைகள்

மான்மயிர்க் கட்டுகளை நான்காகப் பகுக்கலாம். இவற்றில் சுழற்றலே விரிவாகப் பேசத் தக்கது. மயிரின் இயல்பு முழுமையாக வெளிப்படுவது அங்கேதான்.

4.1 சுழற்றல்

முள்ளை வைஸ் என்ற பிடிகருவியில் பொருத்தியதும் முதலில் கவனிக்க வேண்டியது தண்டு. மயிர் சுழல வேண்டிய பகுதியில் நூல் இருக்கக் கூடாது. வழுவழுப்பான வெறும் உலோகத்தில்தான் கற்றை தடையின்றி ஓடும்.

பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைத் தோலை ஒட்டி வெட்டி, நுனிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைச் சீப்பால் வார வேண்டும். அடிப்பஞ்சும் குட்டை மயிர்களும் உதிரும். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டவர் பிறகு என்ன செய்தாலும் கற்றை சுழலாது. பஞ்சு மயிர்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நுனிகள் வெளியே தெரியப்போகும் ஈயாக இருந்தால் கற்றையை ஸ்டாக்கர் என்ற சிறு குழாயில் நுனி கீழாகப் போட்டு மேசையில் நாலைந்து முறை தட்ட வேண்டும். நுனிகள் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். முழுவதும் கத்தரிக்கப்போகும் ஈக்கு இது தேவையில்லை, நுனியை முன்கூட்டியே வெட்டிவிடலாம்.

இனி கற்றையைத் தண்டின் மேல் சற்றுச் சாய்வாக வைத்து, இடக்கை விரல்களால் பிடித்தபடி, அதன் நடுவில் நூலை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இவை தளர்ந்த சுற்றுகள். நூல் மயிரைத் தொட்டால் போதும். மூன்றாம் சுற்றைத் தொடங்கும்போதுதான் இழுக்க வேண்டும். இழுவை ஏற ஏற நூலின் இருபுறமும் மயிர் எழத் தொடங்கும். அந்தக் கணத்தில் இடக்கை பிடியை விட்டுவிட வேண்டும். விட்டதும் கற்றை நூலோடு சேர்ந்து தண்டைச் சுற்றி ஓடி, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஓட்டம் நிற்கும்வரை இழுவையைத் தளர்த்தாமல் அதே இடத்தில் நூலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நூல் மயிர்களுக்கு நடுவே இறங்கித் தண்டைக் கவ்வும்போது விரலுக்கு ஓர் உறுதி தெரியும். அதற்குப் பிறகு கற்றை அசையாது.

பிடியை முன்னதாக விட்டால் மயிர் உதிர்ந்துபோகும்; தாமதமாக விட்டால் ஒரே பக்கத்தில் குவிந்து மறுபக்கம் மொட்டையாக நிற்கும். இந்த ஒரு கணத்தை எழுத்தில் கற்பிக்க முடியாது. கையால் மட்டுமே பழகலாம்.

பிறகு முன்னால் எழுந்து நிற்கும் மயிர்களைப் பின்னுக்கு ஒதுக்கி, நூலை முன்னே கொண்டுவந்து இரண்டு சுற்றில் பூட்ட வேண்டும். கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் தண்டைப் பிடித்து மயிர் முழுவதையும் முள்ளின் வளைவை நோக்கி நெருக்க வேண்டும். இதற்கென்றே துளையிட்ட சிறு கருவிகளும் விற்கின்றன. அடுத்த கற்றை அதற்கு முன்னால். முள்ளின் காது வரும்வரை இப்படியே தொடரும்.

நூலின் தேர்வும் மயிரின் இயல்பைப் பொறுத்ததே. மெல்லிய உருண்டை நூல் இறுக்கும்போது கத்தியாகி மயிரை வெட்டிவிடும். தட்டையாகப் படியும் நூல் நசுக்கும், வெட்டாது. பழைய கட்டுநர்கள் பட்டுநூலையும் பிறகு நைலானையும் பயன்படுத்தினார்கள். இன்று பெரிய ஈக்களுக்கு ஜெல்-ஸ்பன் பாலிஎத்திலீன் இழையே பெரும்பாலோரின் தேர்வு. கையால் இழுத்து அறுப்பது கடினம் என்பதால், மயிர் தாங்கும் எல்லைவரை இறுக்க முடிகிறது.

4.2 அடுக்கல்

வயிறு வெள்ளை, முதுகு பச்சை, நடுவில் கறுப்புப் புள்ளிகள் என்று தவளை கட்ட வேண்டுமானால் மயிர் சுழலவே கூடாது. சுழன்றால் நிறங்கள் கலந்துவிடும். ஆகவே இங்கே தண்டில் நூலை முன்பே சுற்றி வைத்து வழுவழுப்பைப் போக்கிவிடுகிறார்கள். வயிற்றுக்கான கற்றையைக் கீழே பிடித்து, நகரவிடாமல் இறுக்கி, முதுகுக்கான கற்றையை மேலே வைத்து அதே நூல் தடத்தில் இறுக்குவார்கள். புள்ளி வேண்டிய இடத்தில் ஒரு கற்றையின் மேல் வேறு நிறச் சிறு கற்றையை வைத்து ஒன்றாகக் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் அது நிறம் சிதறிய மயிர்க்குவியலாகத்தான் தெரியும். பிளேடு இறங்கிய பிறகே உள்ளிருந்த கோடுகளும் புள்ளிகளும் வெளிப்படும். மெசிஞ்சர் காட்டிய வழி இதுவே. இன்றைய பாஸ் ஈக் கட்டுநர்கள் இதில் எட்டியிருக்கும் நுணுக்கம் வியக்கத்தக்கது.

4.3 மடித்தல்

கற்றையை நுனி பின்நோக்கி இருக்கும்படி தண்டில் கட்டி, பிறகு முன்னோக்கி மடித்து மீண்டும் கட்டினால் வண்டின் முதுகு போல ஓர் ஓடு கிடைக்கும். டட்டிலின் வண்டும், அமெரிக்க மேற்கின் ‘ஹம்ப்பி’ ஈயும் இவ்வகை. ஹம்ப்பியில் மடித்த கற்றையின் நுனிகளே நிமிர்ந்து சிறகாகவும் நிற்கும். எனவே மயிரின் நீளத்தை முதலிலேயே அளந்து வைக்காவிட்டால் சிறகு குட்டையாகிவிடும். மீனின் பல் பட்டு முதுகு மயிர்கள் அறுபடுவது இதன் குறை.

4.4 நிறுத்தலும் படுக்கவைத்தலும்

காம்பராடன் 14 முதல் 18 வரையான எண்ணுள்ள சிறு முட்களில் கட்டப்படுவது. எண் கூடக்கூட முள் சிறுக்கும். தீக்குச்சிக் கனத்துக்கும் குறைந்த கற்றை, நன்றாக மட்டம் தட்டிய நுனிகள். நுனிகள் முள்ளின் காதைத் தாண்டி முன்னோக்கி நீளும்படி கட்டி, பிறகு அவற்றை நிமிர்த்தி, முன்னால் நூலால் ஒரு சிறு அணை எழுப்பினால் மயிர் தண்டுக்கு மேலே அரைவட்ட விசிறியாக நிற்கும். சேவலிறகு இல்லாததால் ஈயின் உடல் நீர்ப்படலத்திலேயே கிடக்கிறது. புதிதாகச் சிறகு விரித்த மேஃப்ளை பூச்சி கிடக்கும் நிலையும் அதுதான். சலனமற்ற நீரில் ஆற அமரப் பார்த்துக் கடிக்கும் டிரவுட்டுக்கு இது பொருந்துவது அதனால்தான். இங்கே முகமயிரையும் கால்மயிரையும் நாட வேண்டும். வயிற்று மயிரை எடுத்தால் விசிறி கட்டுக்கடங்காமல் பரந்து தலைக்கு மேல் குடையாகிவிடும்.

எல்க் மயிர்க் கேடிஸில் அதே கற்றை பின்னோக்கிப் படுத்துக் கூரைபோன்ற சிறகாகிறது. நூலுக்கு முன்னால் எஞ்சும் அடிப்பகுதி தானாகவே சிலிர்த்து நிற்க, அதைக் கத்தரித்தால் தலை. ஒரே மயிரின் நுனி அடங்கிச் சிறகாவதையும் அடி எழும்பித் தலையாவதையும் ஒரே நூல் சுற்றில் காண விரும்புபவர் இந்த ஈயைக் கட்டிப் பார்க்கலாம். இரண்டாம் பகுதியில் சொன்ன அனைத்துக்கும் இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் கிடையாது.

5. செதுக்கல்

கத்தரிக்கோலால் தோராயமாக வெட்டியபின் சவரப் பிளேடு வேலையைத் தொடங்கும். இருபுறக் கூர் உள்ள பிளேடை உறையோடு மடித்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் பிடித்து வளைத்தால், வேண்டிய வளைவுக்கு அது வசப்படும். முதல் வெட்டு எப்போதும் வயிற்றுப் பக்கம், முள்ளின் காதிலிருந்து வளைவை நோக்கித் தட்டையாக. இதற்குக் காரணம் உண்டு. முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வாயை மயிர் அடைத்திருந்தால், மீன் கடிக்கும், ஆனால் முள் ஏறாது. மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் வயிறு தடித்த ஈ பயனற்றது. பிறகு பக்கங்கள், கடைசியாக முதுகு.

ஒரு சுற்றுச் செதுக்கியதும் ஈயைக் குறடால் பிடித்து, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில விநாடிகள் காட்டுவார்கள். நசுங்கியும் சாய்ந்தும் கிடந்த மயிர்கள் எழுந்துவிடும். மேடு பள்ளங்கள் அப்போது தெரியும். மறுபடி செதுக்க வேண்டும். மான்மயிர் பிளேடின் கூரை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு மயிரை வெட்டாமல் இழுக்கும், பரப்பு சொரசொரப்பாகும். ஒரு பெரிய ஈக்குப் புதுப் பிளேடு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்வது சிக்கனக் குறைவல்ல.

6. அடர்த்தி பற்றிய விவாதம்

மயிரை எவ்வளவு நெருக்குவது என்பதில் கட்டுநர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். கல்லாக இறுகி, விரலால் அழுத்தினாலும் குழியாத ஈயே சிறந்தது என்பது ஒரு சாரார் கருத்து. தளர்வாகக் கட்டினால் போதும் என்னும் மறுசாராரின் முன்னோடி, ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் நெடுங்காலம் எழுதிய எச்.ஜி. டேப்ளி. அவர் பெயரால் வழங்கும் பாஸ் ஈ எளிமையானது: வால் மயிரில் ஒரு வால், தட்டை முகம் கொண்ட சுழற்றிய உடல். அவருடைய மகன் வில்லியம் டேப்ளியும் அந்த எளிமைக்காகவே எழுதி வந்தார்.

நெருக்கிக் கட்டியது நீண்ட நேரம் மிதக்கும், பல மீன்களைத் தாங்கும், வண்ணக்கோடுகள் அதில்தான் துல்லியமாக விழும். இதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு எடை கூடுகிறது. காற்றில் வீசுவது கடினமாகிறது. நீரில் விழும் ஒலியும் வேறாகிறது. தளர்ந்த உடல் மெல்ல விழுந்து, பாதி நனைந்து, நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடக்கிறது. மீன் வாயில் கவ்வியதும் அமுங்கி முள்ளுக்கு வழி விடுகிறது.

என் முடிவு டேப்ளியின் பக்கம் சாய்கிறது. மட்லரின் வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது: நிப்பிகனில் பெரிய டிரவுட்டைப் பிடித்தது கேப்பனின் தளர்ந்த தலைதான், கடைக்கு வந்தபோது தலை தடித்தது. போட்டிக்கும் கண்ணாடிப் பேழைக்கும் கட்டும் ஈயில் அடர்த்தி ஓர் அழகு, அதை நானும் மனமார ரசிக்கிறேன். ஆனால் இன்றைய பயிற்சி நூல்கள் அந்த அழகையே பொதுவிதியாக்கி, தொடக்கநிலையாளரை மாதக்கணக்கில் மயிரை நெருக்க வைக்கின்றன.  நெருக்கத்தால் கூடும் மிதப்பு, மீன்பிடிக்கக் கட்டும் ஈயில் அந்த உழைப்புக்கும் எடைக்கும் ஈடாகாது.

7. மயிர் வரும் வழி

வணிக வேட்டையால் வெள்ளைவால் மான் 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் சில லட்சங்களாகச் சுருங்கிப்போனது. சட்டவிரோதமாகக் கொன்ற காட்டுயிர்களை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுக்கும் லேசி சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. 1937இல் இயற்றிய பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகள் மீதான வரியைக் காட்டுயிர்ப் பராமரிப்புக்குத் திருப்பியது. இன்று அம்மான்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் மதிப்பிடப்படுகிறது. பருவமும் எண்ணிக்கையும் வரையறுத்த உரிம வேட்டையில் இறைச்சிக்காகக் கொல்லப்படும் மானின் தோல்தான் அங்கே கட்டுநருக்கு வருகிறது; இல்லாவிட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

தமிழ்நாட்டு நிலைமை முற்றிலும் வேறு. எச்.சி. வில்சனின் முயற்சியால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் மீன்பண்ணை அமைந்து, நீலகிரி நீர்நிலைகளில் டிரவுட் குடியேறியது. அதனால் ஈ கட்டும் ஆர்வம் இங்கும் சிலருக்கு உண்டு. அவர்கள் புள்ளிமான், கடமான், கேளையாடு, வெளிமான் எதன் மயிரையும் தொடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வேட்டையாடுவது மட்டும் குற்றமல்ல. இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் சொத்து. சாலையில் அடிபட்ட மானின் தோலிலிருந்து ஒரு கற்றை எடுப்பதும் சட்டத்துக்குப் புறம்பானதே.

மாற்றுப் பொருள்கள் இருக்கின்றன. வளர்ப்பு வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்த மென்னிறகு, சிறு மிதவை ஈயின் சிறகுக்கு மான்மயிரைவிடக் குறைந்ததல்ல. கைவினைக் கடைகளில் தாளாக விற்கும் ஃபோம் வண்டுக்கும் தவளைக்கும் போதும். செம்மறிக் கம்பளியை மட்லர் தலையாகக் கட்டிக் கத்தரிக்கலாம். மிதக்காது, ஆனால் ஸ்கல்பின் ஆற்றடியில் வாழும் மீன் என்பதால் அது குறையாகாது. இவற்றில் எதுவும் மான்மயிரைப் போலச் சிலிர்க்காது. ஆகவே மான்மயிர் ஈயின் வடிவத்தை இவற்றில் நகலெடுக்க முயலாமல், ஒவ்வொரு பொருளும் எப்படி அமுங்குகிறது, எப்படி மிதக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுக் கட்டத் தொடங்குங்கள். காட்டு விலங்கின் தோலோ கொம்போ எதிர்பாராமல் கைக்கு வந்துவிட்டால், சட்டத்தின் 39ஆம் பிரிவு 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்கச் சொல்கிறது, அப்படியே செய்துவிடுங்கள்.